பின்னால் சிவப்பு

பாபு ராவ் தெருவில் இரவு பத்தரை.
வங்காள எழுத்தில் மீன்சாப்பாட்டு விலை தொங்கும்
ஓட்டலுக்கு அடுத்த லாட்ஜில்
சுவரைப் பார்த்து நிற்கிறது என் வண்டி.
நிற்கிறது என்றால்,
பி-யை விட்டு வரமாட்டேன் என்கிறது.

இன்ஜின் ஓடுகிறது. ஏசி குளிர்கிறது.
லீவர் மட்டும்
ஊசிக்குப் பயந்த பிள்ளைபோல்
பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

சிஎம்சியில் பித்தப்பையைக் கொடுத்துவிட்டு
மூன்று நாள் இங்கே அறையெடுத்துப் படுத்திருந்த தில்லைநாயகி
மடியில் ஃபைலோடு பக்கத்தில் இருக்கிறாள்.
நாலு தையல். குனியக்கூடாது, தூக்கக்கூடாது.
"கியரே இல்லாத வண்டின்னு சொல்லித்தானே வாங்கின?
இப்போ இன்னா, கியரு மாட்டிக்கிச்சுன்ற?"
சொல்லிவிட்டுச் சிரிப்பு வந்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

இல்லாதது கியர் அல்ல, கிளட்ச்.
அதைச் சொல்ல இது நேரமில்லை.
பதினெட்டு வருடம் தீப்பெட்டி லோடு டெம்போ ஓட்டிய என் இடது கால்
இன்னமும் அந்த மிதியைத் தேடி
தரைவிரிப்பைத் தேய்க்கிறது.

கோணவட்டத்துக்குப் போன் போட்டேன்.
நயாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.
"பிரேக்கை மிதிச்சியா?"
மிதிச்சேன்பா.
"நீ மிதிச்சது உனக்குத் தெரியும்.
வண்டிக்குத் தெரியுமா?
பின்னாடி சிவப்பு எரியுதா பாரு."

மிதித்தால் பார்க்க முடியாது.
இறங்கினால் மிதிக்க முடியாது.
ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு விடுகதை.

பொரிப் பொட்டலத்தோடு வந்தார் ஒருவர்.
எதிரறைக்காரர். சுபல் மண்டல், மால்டா.
அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது.
இருவர் இந்தியும் ஒரே அளவுக்கு நொண்டி.
"லால்?" என்று வண்டியின் முதுகைக் காட்டினேன்.
புரிந்துகொண்டு குந்தினார்.

மிதித்தேன். "நஹி."
விட்டு மிதித்தேன். "நஹி."
மூன்றாம் முறை, இடது விளக்கையும் வலது விளக்கையும்
கைவைத்து மறைத்துப் பார்த்து,
ரிப்போர்ட் படிப்பவர்போல் மெதுவாக,
"நஹி."

ஃபியூஸை உருவி அவர் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம்.
உள்கம்பி அறுந்திருக்கவில்லை.

"அப்போ பிரேக் சுவிட்ச்சு பூட்ச்சு," என்றான் நயாஸ்.
"நீ மிதிக்கிற சேதி போய்ச் சேரல.
சேதி வராம லீவரு பூட்டு திறக்காது.
கியர்பாக்ஸை இறக்கணும்னு எவனாவது சொன்னா
அங்கேயே நிக்காத, ஓடிடு."

லீவர் ஓரம் நகம் அளவு ஒரு மூடி.
அதை நெம்ப
தில்லைநாயகி கொண்டையிலிருந்து ஊசியை உருவித் தந்தாள்.
கைபிரேக் இழுத்து, பிரேக்கை மிதித்து,
துளைக்குள் ஊசியை அழுத்த
டக்.
லீவர் என்-னுக்கு வந்தது
ஒன்றுமே நடக்காததுபோல.

"பின்னால வர்றவனுக்கு நீ நிக்கிறது தெரியாது.
நாலு இண்டிகேட்டரும் போட்டு ஊர்ந்து வா."

ரிவர்ஸில் இறங்கும்போது
தெருவில் ஆட்டோக்களை ஒற்றைக் கையால் நிறுத்தி
சுபல் மண்டல் வழி செய்தார்.
மறுகையில் பொரி.
கண்ணாடியை இறக்கினேன்.
நெஞ்சைத் தொட்டு, "பீவி" என்றார்.
பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஏழு விரல் காட்டினார்.
டிக்கியை இரண்டு முறை தட்டினார், மாடு ஓட்டுவதுபோல.

சுவிட்ச் முந்நூற்று எண்பது ரூபாய்.
சோடா மூடி அளவுதான்.
ராத்திரிக் கூலி என்று நயாஸ் தனியாக இருநூறு வாங்கினான்.
வண்டியைத் திருப்பி
எதிர்க்கடை ஷட்டருக்கு முதுகு காட்டி மிதித்தேன்.
இரும்பு முழுக்கச் சிவந்தது.
பார்க்க ஆள் தேவையில்லை.

பள்ளிகொண்டா தாண்டி
பாலாற்றுப் பாலத்தில் தில்லைநாயகி கேட்டாள்:
"ஏழு விரல் காட்டினாரே,
அது மணியா, நாளா?"

தெரியவில்லை.
முன்னால் வண்டியில்லை, மேடில்லை, பள்ளமில்லை.
ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்த்தேன்.
கண்ணாடிக்குள்
பின்னால் கொஞ்ச தூரம் சிவப்பாக இருந்தது.